ஏரியும் காடும் 'செட்' போட்டவைதான்! சென்ட்ரல் பார்க்கை உருவாக்கிய ஓம்ஸ்டெட் யார்?

நியூயார்க் போகிறவர்கள் சென்ட்ரல் பார்க்கில் ஒரு போட்டோ எடுக்காமல் திரும்புவதில்லை. சுற்றிலும் வானுயரக் கட்டடங்கள், நடுவில் 843 ஏக்கர் பச்சை. நகரம் வளர்ந்தபோது எப்படியோ தப்பிப் பிழைத்த காடு போல என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மை அப்படி இல்லை. அங்கே இருக்கும் ஏரிகள் எல்லாமே மனிதர்கள் உருவாக்கியவை. 'ராம்பிள்' என்ற அடர்ந்த பகுதியில் சலசலவென ஓடும் ஓடைக்குக்கூடத் தண்ணீர் குழாயில்தான் வருகிறது.

இந்த 'செட்'டைப் போட்ட இருவரில் ஒருவர் ஃப்ரெடரிக் லா ஓம்ஸ்டெட். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துப் பூங்காவுக்குப் போய் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருவது இன்று யாருக்கும் பெரிய விஷயமில்லை. ஆனால், மரத்தடியில் சும்மா நடப்பதற்காக அரசு பணம் செலவழிக்க வேண்டும், அந்த இடத்துக்குள் கூலித் தொழிலாளியும் வரலாம் என்பதெல்லாம் 170 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் புதுப்பேச்சு. அதை ஊர் ஊராகச் செய்து காட்டியவர் இவர். அதற்கு விலை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

35 வயது வரை 'செட்டில்' ஆகாதவர்

ஓம்ஸ்டெட் பிறந்தது 1822-ல், கனெடிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில். அப்பா வசதியான துணி வியாபாரி. அம்மா, மகனுக்கு நான்கு வயதாகும் முன்பே இறந்துவிட்டார். அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசைதான்: குடும்பத்தைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலை, ஆறு என்று ஊர் சுற்றுவது. சிறுவன் படித்த முதல் பாடம் அதுதான்.

பதின்ம வயதில் விஷச்செடி ஒன்று பட்டு அவருடைய கண் பாதிக்கப்பட்டது. யேல் கல்லூரிக்குப் போகும் திட்டம் அதோடு நின்றது. அப்புறம் நியூயார்க்கில் குமாஸ்தா வேலை, பிடிக்கவில்லை. 1843-ல் சீனாவுக்குப் போன கப்பலில் மாலுமி வேலை, உடம்பு கெட்டுத் திரும்பினார். பிறகு அப்பா வாங்கிக் கொடுத்த நிலத்தில் விவசாயம். 'பையன் என்ன பண்றான்?' என்று யாராவது கேட்டால், அந்த அப்பா ஒவ்வொரு வருஷமும் வேறு பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

1850-ல் தம்பியோடும் நண்பரோடும் இங்கிலாந்துக்குப் போய், கால்நடையாகவே ஊர்களைச் சுற்றினார். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பிர்கன்ஹெட் என்ற ஊர். அங்கே சதுப்பு நிலத்தை வடியவைத்து, ஊர்ப் பணத்தில் ஜோசப் பாக்ஸ்டன் அமைத்த பூங்கா 1847-ல் திறக்கப்பட்டிருந்தது. உள்ளே எல்லாத் தரப்பு மக்களும் நடந்துகொண்டிருந்தார்கள். ராஜா ராணி இருக்கும் நாட்டில் இப்படி ஒரு இடம், மக்களாட்சி என்று பெருமை பேசும் நம் நாட்டில் இல்லையே என்பது அவர் மனசில் தைத்தது. ஊர் திரும்பியதும் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார்.

அடுத்து பத்திரிகை வேலை. 1852 முதல், அடிமை முறை நிலவிய தென் மாநிலங்களைச் சுற்றி நியூயார்க் நாளிதழ் ஒன்றுக்குக் கட்டுரைகள் அனுப்பினார். அடிமை முறை எல்லோருக்கும் பொதுவான பள்ளி, நூலகம், சாலை எதையும் வளரவிடவில்லை என்று அவருக்குப் பட்டது. பூங்கா பற்றிய அவருடைய பிடிவாதத்துக்கு இந்தப் பயணங்கள் முக்கியக் காரணம்.

1857-ல் அவர் பங்குதாரராக இருந்த பதிப்பகம் மூழ்கியது. கடன் கழுத்தை நெரித்தது. அப்போது கிடைத்ததுதான், இன்னும் வடிவமே பெறாத சென்ட்ரல் பார்க்கின் கண்காணிப்பாளர் வேலை. அதே ஆண்டு நவம்பரில் காசநோயால் தம்பி இறந்தார். 1859-ல் தம்பியின் மனைவி மேரியைத் திருமணம் செய்து, மூன்று குழந்தைகளையும் தன் குழந்தைகளாக ஏற்றுக்கொண்டார்.

காலி இடமா அது?

பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டது பாறையும் சேறுமாகக் கிடந்த வெற்று நிலம் என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. பாறையும் சேறும் இருந்தது உண்மை. ஆட்களும் இருந்தார்கள். மொத்தம் சுமார் 1,600 பேர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

அதில் ஒன்று செனகா கிராமம். 1825 முதல் கறுப்பினத்தவர் சொந்தப் பணத்தில் மனை வாங்கிக் குடியேறிய இடம். 1850-களில் சுமார் 225 பேர், மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளி. மனை என்பது அவர்களுக்கு வெறும் மனை இல்லை. நியூயார்க்கில் ஒரு கறுப்பின ஆண் ஓட்டுப் போட வேண்டுமென்றால் 250 டாலர் மதிப்புள்ள சொத்து அவர் பெயரில் இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். நிலம் போனால் ஓட்டும் போகும். இழப்பீடு போதாது என்று சிலர் போராடிப் பார்த்தார்கள். 1857-ல் கிராமம் முழுவதும் காலியானது.

நிலத்தை எடுக்கும் முடிவு ஓம்ஸ்டெட்டினுடையது அல்ல. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது வெளியேற்றம் ஏறக்குறைய முடிந்திருந்தது. ஆனாலும், எல்லோருக்குமான பூங்கா என்று சொல்லும்போதெல்லாம் இந்தக் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2011-ல் தொல்லியல் ஆய்வாளர்கள் அங்கே தோண்டியபோது ஒரு வீட்டின் அடித்தளம், இரும்புக் கெட்டில், பீங்கான் துண்டுகள், ஒரு தோல் ஷூ எல்லாம் கிடைத்தன.

மூளைக்கு ஓய்வு தரும் 'டிசைன்'

பூங்காவை வடிவமைக்கப் போட்டி அறிவிக்கப்பட்டது. ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் கால்வெர்ட் வாக்ஸ், நிலத்தை அங்குலம் அங்குலமாகத் தெரிந்த ஓம்ஸ்டெட்டைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். வந்த 33 திட்டங்களில் 1858 ஏப்ரலில் இவர்களுடையது முதல் பரிசு வென்றது. பரிசுத் தொகை 2,000 டாலர். பெயர் என்னவோ பெரும்பாலும் ஓம்ஸ்டெட்டுக்கே போனது. வாக்ஸுக்கு அது கடைசி வரை உறுத்தல். நியாயமான உறுத்தல்தான்.

அந்தத் திட்டத்தின் கெட்டிக்காரத்தனம் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. நகரத்தின் குறுக்குப் போக்குவரத்துக்கு நான்கு சாலைகள் தேவை. அவற்றைத் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக வெட்டி, மேலே பூங்காவைத் தொடரவிட்டார்கள். நடப்பவர்களுக்கு ஒரு பாதை, குதிரைக்கு ஒரு பாதை, கோச்சு வண்டிக்கு ஒரு பாதை. மூன்றும் மோதாமல் இருக்க வளைவுப் பாலங்கள். ஓரங்களில் அடர்த்தியாக மரம் வைத்து நகரத்தை மறைத்தார்கள். நெருக்கமான காட்டுப் பாதையில் நடந்து வருபவருக்குத் திடீரென்று முடிவு தெரியாத ஒரு புல்வெளி விரியும்.

இதற்குப் பின்னால் ஓம்ஸ்டெட்டுக்கு ஒரு கணக்கு இருந்தது. தெருவில் நடக்கும்போது எதிரே வருபவர்மீது மோதாமல், வண்டியில் அடிபடாமல், மூளை ஓயாமல் உஷாராகவே இருக்கிறது. அந்த அலுப்பு நமக்கே தெரியாமல் சேர்கிறது. புல்வெளி நம்மிடம் எதையும் கேட்பதில்லை. அதனால் அலுப்பும் நமக்குத் தெரியாமலே இறங்குகிறது. பகட்டான பூப்பாத்திகள் அவருக்குப் பிடிக்காததும் இதனால்தான். அவையும் கவனத்தை இழுக்கும் விளம்பரப் பலகை மாதிரி. நூறு வருஷம் கழித்து உளவியலாளர்கள் ரேச்சல் கப்லானும் ஸ்டீபன் கப்லானும், களைத்துப்போன கவனத்தை இயற்கை மீட்டுத் தருகிறது என்று கிட்டத்தட்ட இதையே கோட்பாடாக வகுத்தார்கள். நாள் முழுக்க நோட்டிஃபிகேஷன் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1858 டிசம்பரில் உறைந்த ஏரியில் சறுக்க மக்கள் திரண்டார்கள். ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் பூங்காவை அதிகம் அனுபவித்தது கோச்சு வண்டி வைத்திருந்தவர்கள்தான். தொழிலாளர்கள் வசித்தது நகரத்தின் தென்கோடியில். வந்து போகக் காசு வேண்டும். வாரத்தில் ஆறு நாள் வேலை வேறு. இசை நிகழ்ச்சி நடந்ததோ சனிக்கிழமை. உள்ளே வந்தாலும் இதைச் செய்யாதே, அதைத் தொடாதே என்று காவலர்கள். பந்து விளையாட வேண்டுமென்றால் பையன்கள் பள்ளியில் சான்று வாங்கி வர வேண்டும். எல்லோரும் வர வேண்டும் என்று ஓம்ஸ்டெட் மனதார விரும்பினார். வந்தவர்கள் அவர் நினைத்தபடியே நடந்துகொள்ள வேண்டும் என்பதும் அவருடைய விருப்பம்தான்.

பரணில் கிடந்த அறிக்கை

1860-ல் வண்டி கவிழ்ந்து தொடை எலும்பு நொறுங்கியது. ஆயுள் முழுக்க நொண்டியே நடந்தார். உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கான சுகாதார ஆணையத்தை நிர்வகித்தார். 1863-ல் கலிஃபோர்னியாவில் ஒரு தங்கச் சுரங்கத்துக்கு மேலாளராகப் போனார்.

சுரங்கம் தேறவில்லை. ஆனால் பக்கத்திலேயே யோசெமிட்டி பள்ளத்தாக்கு இருந்தது. 1864-ல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் அதைப் பொதுப் பயன்பாட்டுக்காகக் கலிஃபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைத்தது. அதன் ஆணையர்களில் ஒருவரான ஓம்ஸ்டெட் 1865-ல் அறிக்கை எழுதினார். நல்ல இடங்களைப் பணக்காரர்கள் எப்போதும் தங்களுக்கென்று வளைத்துக்கொள்வார்கள். உழைத்துக் களைத்த சாதாரண ஜனங்களுக்கும் அவை கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்பது அதன் சாரம். சக ஆணையர்கள் சிலர் அதைச் சத்தமில்லாமல் ஓரங்கட்டினார்கள். முழு அறிக்கை மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது 1952-ல்.

பிறகு மீண்டும் வாக்ஸோடு சேர்ந்து புரூக்ளினில் பிராஸ்பெக்ட் பார்க். 1878-ல் நியூயார்க் அரசியல் அவரை வேலையிலிருந்து தூக்கியது. பாஸ்டன் பக்கம் போனார். அங்கே கழிவுநீரும் கடல்நீரும் கலந்து நாறிக்கொண்டிருந்த சேற்றுநிலத்தை, வெள்ளத்தைத் தாங்கும் உவர்ச்சதுப்பாக மாற்றிப் பூங்காச் சங்கிலி ஒன்றில் கோத்தார். 1910-ல் ஆற்றின் குறுக்கே அணை வந்ததும் உப்புநீர் நின்றது, அவர் திட்டமிட்ட சதுப்புச் செடிகளும் அழிந்தன. நயாகராவிலும் அவர் பங்கு உண்டு. அருவியைப் பார்க்கவே கரை நில முதலாளிகள் காசு வசூலித்த காலம் அது. அவரும் நண்பர்களும் நடத்திய நீண்ட இயக்கத்தால் 1885-ல் அது கட்டணமில்லாத பொது இடமானது.

1895-ல் ஞாபகம் தவறத் தொடங்கியது. அலுவலகத்தை மகன்கள் ஏற்றார்கள். 1898-ல் பாஸ்டனுக்கு அருகே மெக்லீன் மனநல மருத்துவமனையில் அவரைச் சேர்த்தார்கள். அந்த மருத்துவமனைக்கு மரங்கள் சூழ்ந்த அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க, பல ஆண்டுகளுக்கு முன் ஆலோசனை சொன்னவரே அவர்தான். 1903 ஆகஸ்ட் 28-ம் தேதி, 81-வது வயதில் அங்கேயே இறந்தார்.