பாணர் கைவழியும் பண்டிதர் வீடும்: ஆபிரகாம் பண்டிதரின் இசை மரபு யாருக்கு?

பெற்றோர் எதைக் கேட்கிறார்களோ அதுவே பிள்ளைகளின் காதிலும் தங்கிவிடுகிறது. தாலாட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கீர்த்தனை, கொடைவிழா மேளம், அப்பாவின் பழைய ஒலிநாடா என்று ஒரு வீட்டின் இசை ரசனை தலைமுறை தாண்டிச் செல்கிறது. இதை அன்பின் வேலை என்றே எல்லோரும் எண்ணுகிறோம். ஆனால் வன்கொடுமை வழக்குகளைச் சுமந்து நீதிமன்றப் படியேறும் நாம் இன்னொரு வகை இசைப் பரம்பரையையும் அறிவோம். அப்பன் பறையடித்தான், எனவே மகனும் ஊர்ச் சாவுக்கு வந்து அடித்தாக வேண்டும் என்று கட்டளையிடுகிற பரம்பரை அது. மறுத்த குடும்பங்கள் வேலையும் கடைச்சாமானும் மறுக்கப்பட்டு ஒதுக்கிவைக்கப்படுவதைத் தமிழகம் பலமுறை கண்டிருக்கிறது.

இவ்விரண்டுக்கும் பரம்பரை என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். ஒன்று கொடை, மற்றது விலங்கு. பிள்ளைக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்க முடியாது என்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு முன்பே சாதி தீர்மானித்துவிடுகிறது. அந்தத் தீர்மானத்தைத் தம் வீட்டளவிலேனும் மாற்றி எழுதிய ஒருவர் தாமிரபரணிப் படுகையில் பிறந்தார். அவர் ஆபிரகாம் பண்டிதர். தமிழிசையின் முன்னோடி என்று மேடைதோறும் போற்றப்படும் அவரை இந்தக் கேள்வியோடு மீண்டும் படிக்க வேண்டும் என்று கருதுகிறோம்.

பிறந்த ஊர், பிறந்த காலம்

1859 ஆகஸ்டு 2 அன்று, அன்றைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சாம்பவர் வடகரையில், முத்துசாமி, அன்னம்மாள் இணையருக்கு அவர் பிறந்தார். இன்று தென்காசி மாவட்டத்தில், சுரண்டைக்கு அருகில் அவ்வூர் உள்ளது. குற்றாலத்தில் இறங்கிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கும் சிற்றாற்றின் படுகை அது. ஊர்ப்பெயரில் நிற்கும் சாம்பவர் என்ற சொல், தென்மாவட்டப் பறையர் மக்கள் தம்மைக் குறிக்க வழங்கும் பெயர்களுள் ஒன்று. பண்டிதர் பிறந்ததோ கிறித்தவ நாடார் குடும்பத்தில்.

அவர் பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, 1859 ஜூலை 26 அன்று, மலைக்கு அப்பால் திருவிதாங்கூர் அரசர் ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தார். நாடார் பெண்கள் தங்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்பது அதன் செய்தி. அப்போதும், உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது என்ற நிபந்தனை உடனிருந்தது. பல ஆண்டுக் கலகங்களுக்குப் பின் கிடைத்த உரிமை அவ்வளவுதான்.

கிழக்கே, தமிழ்நாட்டுப் பக்கம், கோயில் வாசல் அடைத்தே கிடந்தது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டனர். இராமநாதபுரம் அரசர் வழக்குத் தொடுத்தார். 1899இல் மதுரைக் கீழமை நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உயர்நீதிமன்றமும், கடைசியாக 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தன. ஒரு சமூகம் கோயிலுக்குள் வரக் கூடாது என்பதை வழக்காற்றுச் சட்டமாக ஏற்று, கடல் கடந்த நீதிமன்றமே முத்திரையிட்டது. இதற்கிடையே 1899 ஜூனில் சிவகாசி தாக்கப்பட்டது. கலவரம் திருநெல்வேலிச் சீமையின் ஊர்களுக்கும் பரவியது.

அக்காலத்தில் செவ்வியல் இசை எங்கே வாழ்ந்தது என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோயில், அரண்மனை, அக்ரகாரம், மேளக்காரர் வீடு, தேவதாசியர் இல்லம் ஆகியவற்றில்தான் அது வாழ்ந்தது. கோயிலுக்குள் நுழைய முடியாத குழந்தைக்கு அந்த இசை மதிலுக்கு வெளியே கசியும் ஒலியாக மட்டுமே கிடைக்கும். அதே படுகையில், தாமிரபரணிக் கரை ஊரான அரிகேசநல்லூரில், 1877இல் முத்தையா பாகவதர் பிறந்தார். அவருக்குத் திறமையும் உழைப்பும் இருந்தன என்பதில் ஐயமில்லை. கூடவே குருவின் வீட்டுக்குள் சென்று தங்கிப் பயிலும் வாசலும் அவருக்குப் பிறப்பாலேயே திறந்திருந்தது. சாம்பவர் வடகரைச் சிறுவனுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. திருச்சபையும் திருச்சபைப் பள்ளியும் திறந்த வாசல்தான் இருந்தது.

ஆசிரியர், மருத்துவர், மாணவர்

சுரண்டையில் படித்து, ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல் சென்றார் பண்டிதர். அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். இசையின் முறையான பாடம் அவருக்கு அங்குதான் கிடைத்தது. சடையாண்டிப் பத்தரிடம் பிடில் கற்றார். சித்த மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டு மூலிகை தேடி மலைகளில் அலைந்தபோது, சுருளி மலையில் கருணானந்தர் என்ற துறவியைச் சந்தித்து அவரைக் குருவாக ஏற்றார். பின்னாளில் அவர் உருவாக்கிய பண்ணைக்கும் எழுதிய நூலுக்கும் அந்தக் குருவின் பெயரே அடியாக அமைந்தது.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். பொன்னம்மாளும் ஆசிரியர். அடுத்த ஆண்டு இருவரும் தஞ்சாவூர் சென்று, லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் பணியேற்றனர். கணவனும் மனைவியும் சம்பளம் பெற்று ஒரே பள்ளியில் கற்பிப்பது அன்றைய தஞ்சையில் எளிய காட்சி அல்ல. 1890இல் ஆசிரியப் பணியை விட்டு மருத்துவத்தையே முழுநேரத் தொழிலாக்கினார் பண்டிதர். மருந்துகள் பெரும்பொருள் ஈட்டித் தந்தன. தஞ்சைக்கு வெளியே கருணானந்தபுரம் என்ற பண்ணை எழுந்தது. மூலிகைகளும் கரும்பும் அங்கே பயிராயின. 1909இல் ஆங்கில அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் வழங்கியது.

இந்த வருவாய்தான் இசைக்குச் சென்றது. சரபோஜி மன்னர்களின் ஊரில், எந்த அரசவையின் தயவும் இன்றி, மருந்து விற்ற காசில் ஒருவர் இசை ஆராய்ச்சி நடத்தினார். புரவலர் வீட்டு வாசலில் நிற்காத இசையறிவுக்கு ஒரு சுதந்திரம் உண்டு. யாருடைய சாத்திரத்தையும் அது கேள்வி கேட்கலாம்.

பாடம் தாய்மொழியில்

அன்று இசை பயிலத் தொடங்கும் குழந்தைக்குக் கிடைத்த பயிற்சி உருப்படிகள் பெரும்பாலும் தெலுங்கில் இருந்தன. பொருள் தெரியாமல் உருப்போட வேண்டும், அல்லது குருவின் வீட்டில் ஆண்டுக்கணக்கில் இருந்து தெரிந்துகொள்ள வேண்டும். குருவின் வீட்டில் இடமில்லாதவர்களுக்கு அந்தப் பாடம் பூட்டிய பெட்டிதான். பண்டிதர் தமிழில் 96 பாடல்களை இயற்றி, 1907இல் கருணாமிர்த சாகரத் திரட்டு என்ற பெயரில் அச்சிட்டார். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் பாடம் தொடங்கலாம் என்ற நிலையை அச்சு நூல் ஏற்படுத்தியது. கிறித்தவப் பக்திப் பாடல்கள் என்பதால் அவற்றின் வீச்சு ஒரு வட்டத்துக்குள் நின்றிருக்கலாம். ஆனால் செவிவழிக் காவலில் இருந்த கல்வியை அச்சுக்குக் கொண்டுவந்ததன் விளைவு அந்த வட்டத்தைவிடப் பெரியது.

1911இல் பொன்னம்மாள் மறைந்தார். அடுத்த ஆண்டு பண்டிதர் தஞ்சை சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டினார். முத்தையா பாகவதர் உள்ளிட்ட வித்துவான்கள் வந்தனர். குருவின் வீட்டு வாசல் திறக்காத ஒருவரின் அழைப்பை ஏற்று, அந்த வாசல்களின் உரிமையாளர்கள் அவர் கூட்டிய அவையில் அமர்ந்து வாதிட்டனர்.

வாதத்தின் மையம் சுருதிகளின் எண்ணிக்கை. ஒரு தானத்துக்கு 22 சுருதிகள் என்பது சாரங்கதேவரின் வடமொழி நூல் வழியாக வந்த கொள்கை. நடைமுறை இசைக்கு அது பொருந்தவில்லை, 24 என்பதே சரி என்றார் பண்டிதர். சான்றுக்கு அவர் சென்றது சிலப்பதிகாரத்துக்கும் அதன் பழைய உரைகளுக்கும். அடியார்க்கு நல்லார் உரையோடு சிலப்பதிகாரம் 1892இல்தான் உ.வே. சாமிநாதையரால் அச்சேறியிருந்தது. ஆய்ச்சியர் குரவையில் ஆயர் பெண்கள் ஏழு சுரங்களாக நிற்கும் அமைப்பிலிருந்து, ஒரு பாலையிலிருந்து இன்னொரு பாலை பிறக்கும் முறையை அவர் கணக்கிட்டுக் காட்டினார். இன்று கர்நாடக இசை எனப்படுவதன் வேர் பழந்தமிழ் இசையே என்பது அவர் முடிவு. 24 என்ற எண்ணைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. ஆனால் மாடு மேய்ப்போரின் கூத்தில் ஓர் இசை இலக்கணம் இருக்கிறது என்று காட்டி, அறிவின் இருப்பிடம் பற்றிய எண்ணத்தை அவர் அசைத்தார்.

பரோடா, 1916

1916 மார்ச்சில் பரோடாவில் முதல் அனைத்திந்திய இசை மாநாடு நடந்தது. மன்னர் சாயாஜிராவ் ஆதரவளித்தார், பாத்கண்டே முன்னின்று நடத்தினார். பண்டிதர் தம் கொள்கையை அங்கே முன்வைத்தார். அவர் சொன்ன சுருதிகளை இசைத்துக் காட்டியவர்கள் அவருடைய வீட்டுப் பெண்கள். அவர்களுள் ஒருவர் மகள் மரகதவல்லி.

வட இந்திய உஸ்தாதுகளும் பண்டிதர்களும் நிறைந்த அவையில், கோயிலுக்குள் வரத் தகுதியில்லை என்று எட்டு ஆண்டுகளுக்கு முன் பிரிவி கவுன்சில் சொன்ன சமூகத்தின் பெண் ஒருவர், இசைக் கோட்பாட்டின் சான்றாக அமர்ந்திருந்தார். தந்தை தம் ரசனையை மட்டும் மகளுக்குக் கொடுக்கவில்லை. அவையில் நின்று நிறுவும் ஆற்றலையும் கொடுத்திருந்தார்.

அதே சாயாஜிராவின் உதவித்தொகையில் அப்போது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தார் அம்பேத்கர். பரோடா மாநாட்டுக்கு இரண்டு மாதம் கழித்து, 1916 மே 9 அன்று, இந்தியாவில் சாதிகள் பற்றிய தம் கட்டுரையை அங்கே வாசித்தார். அகமணமே சாதியின் இயங்குமுறை என்பது அதன் மையக் கருத்து. ஒரு குழு தன்னைத் தானே அடைத்துக்கொண்டு, தன்னிடமிருப்பதைத் தனக்குள் மட்டுமே கடத்துகிறது. இசை எப்படி ஒரு சில வீடுகளின் சொத்தாயிற்று என்பதற்கும் அந்த ஆய்வே விடை தருகிறது. 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற 1,300 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல் வெளிவந்தது. அதே ஆண்டில், அரசுப் பணிக்காகப் பரோடா திரும்பிய அம்பேத்கருக்கு அந்நகரில் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. இசைக்குத் திறந்த பரோடா, தீண்டப்படாதோர் எனப்பட்டவருக்குத் திறக்கவில்லை. பண்டிதரின் வெற்றியை நாம் கொண்டாடும்போது இந்த இரண்டாவது வாசலையும் பார்த்தாக வேண்டும்.

பெயரில் நிற்கும் பாண்டியன்

1919 ஆகஸ்டு 31 அன்று பண்டிதர் மறைந்தார். அவர் வீடு மௌனமாகவில்லை. நூலின் இரண்டாம் பகுதியை 1946இல் மகள் மரகதவல்லி வெளியிட்டார். மகன் வரகுண பாண்டியன் யாழ் பற்றிப் பாணர் கைவழி என்ற நூலை 1950இல் தந்தார். பேரர் தனபாண்டியன் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக விளங்கினார்.

வரகுண பாண்டியன் என்ற பெயரை ஒரு கணம் நின்று பார்க்கலாம். அக்கால நாடார் எழுச்சி, பாண்டியர் வழிவந்த சத்திரியர் தாங்கள் என்ற உரிமைகோரலோடு இணைந்திருந்தது. கமுதி வழக்கிலும் அந்த வாதமே ஒலித்தது. எவரையும் விலக்குவது அநீதி என்பதைவிட, எங்களை விலக்கியது தவறு என்பதே அதன் அழுத்தம். சுவரை இடிப்பதற்கும் சுவரின் உள்பக்கம் இடம் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. தென்மாவட்டங்களில் பின்னர் செல்வமும் அதிகாரமும் பெற்ற பிற்பட்ட சாதிகள் பலவும் தமக்குக் கீழே வைக்கப்பட்ட மக்களிடம் எப்படி நடந்துகொண்டன என்பதை நம் வழக்குக் கட்டுகள் சொல்லும். பண்டிதர் வீட்டின் இசை, அவர் பிறந்த ஊரின் பெயரிலேயே நிற்கும் சாம்பவர் மக்களின் வாசல் வரை வரவில்லை.

ஆனால் மகன் எழுதிய நூலின் தலைப்பில் பாணர் இருக்கிறார்கள். கைவழி என்பது யாழின் பழம்பெயர்களுள் ஒன்று. புறநானூற்றின் ஒரு பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளை ஒரே வரிசையில் வைக்கிறது. யாழும் பறையும் துடியும் அங்கே பக்கத்துப் பக்கத்து வீடுகள். யாழின் வரலாற்றைத் தேடிச் செல்பவர் பறையரின் வீட்டைக் கடக்காமல் போக முடியாது. பண்டிதர் தொடங்கிய தேடலை நேர்மையாக நீட்டித்தால் அது வந்து சேரும் இடம் நம் சேரிதான்.

நம் வீடுகளுக்கு

கட்டாயப்படுத்திப் பறையடிக்க வைப்பதை எதிர்க்கச் சட்டம் நம் கையில் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 23ஆம் பிரிவு கூலியற்ற கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. சாவு மேளத்துக்கு வர மறுக்கும் இளைஞர் குற்றவாளி அல்லர், அவரை மிரட்டுபவரே குற்றவாளி. இதை ஒவ்வொரு ஊரிலும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் சட்டம் திணிப்பைத்தான் தடுக்கும். ஒரு குழந்தையின் கையில் வீணையையோ பறையையோ அதன் விருப்பப்படி வைப்பது சட்டத்தால் ஆகாது. பண்டிதர் வீட்டில் அது நடந்ததற்குப் பெற்றோர் இருவரும் பெற்ற கல்வி, யாரையும் சாராத வருவாய், தாய்மொழியில் பாடநூல், மகளுக்கும் மகனுக்கும் சமமான பயிற்சி ஆகியவை காரணங்கள். நிலமும் கல்வியும் மறுக்கப்பட்ட வீடுகளில் இவை தாமாக வந்து சேரா. அரசு இசைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாணவராகவும் ஆசிரியராகவும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கைக் கேட்பது நம் முதல் வேலை. இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும்போது மருத்துவத்தையும் பொறியியலையும் நினைக்கும் நாம் இசையை மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது வேலை நம் வீட்டுக்குள் இருக்கிறது. அம்பேத்கர் விழா மேடையில் இன்று பெண்பிள்ளைகள் பறையிசைக்கிறார்கள். அவர்களுடைய தாத்தா வெறுத்துத் தூக்கியெறிந்த கருவியாக அது இருக்கலாம். அந்த வெறுப்பையும் இந்த விருப்பத்தையும் ஒருசேர மதிக்க வேண்டும். தாத்தா எறிந்தது விலங்கை. பேத்தி எடுத்துக்கொண்டது இசையை. நாளை அவள் பறையை வைத்துவிட்டு வயலினையோ கிட்டாரையோ எடுத்தாலும், எதையுமே எடுக்காவிட்டாலும், அதுவும் அவளுடைய உரிமை. தந்தை இறந்து 27 ஆண்டுகள் கழித்து, அவருடைய கையெழுத்துப் படியை மரகதவல்லி அச்சகத்துக்குக் கொண்டுசென்றார். எந்த ஊர்க் கட்டளையும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.