ஆர். வெங்கட்ராமன்: தொழிலாளர் வழக்கறிஞர் குடியரசுத் தலைவரான கதை

ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக இருந்தவர் என்று நம் குடியிருப்பில் பலருக்கும் தெரியும். அந்தப் பதவிக்கு அவர் வந்த வழி இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

1910 டிசம்பர் 4 அன்று பட்டுக்கோட்டை அருகே ராஜாமடத்தில் பிறந்தார். லயோலா கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். பின் சட்டம் படித்து, 1935இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இரண்டு ஆண்டு சிறையில் இருந்தார். 1946இல் மலேயா, சிங்கப்பூரில் ஜப்பானியருக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர்களுக்காக வாதாட அனுப்பப்பட்ட வழக்கறிஞர் குழுவில் இவரும் ஒருவர். 1949இல் தொழிலாளர் வழக்குகளின் தீர்ப்புகளைத் தொகுத்துத் தரும் சட்ட இதழ் ஒன்றைத் தொடங்கினார்.

1957இல் மறுபடியும் மக்களவைக்குத் தேர்வானவர், அந்த இடத்தை விட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். காரணம் நம் விருதுநகர்க்காரர் காமராஜர். அவரது அமைச்சரவையில் தொழில், தொழிலாளர், மின்சாரம் போன்ற துறைகளைப் பார்த்தார். 1967 வரை அமைச்சராக இருந்தார். வீரசோழன், திருச்சுழி பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் மில் வேலைக்கோ வெளியூருக்கோதான் போக வேண்டும். ஆகவே தொழிற்சாலையும் மின்சாரமும் நமக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. கிண்டித் தொழிற்பேட்டை அந்தக் காலத்தில் வந்ததுதான்.

1980இல் மத்திய நிதி அமைச்சரானார். அந்த ஏப்ரலில் மேலும் 6 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. என்னைப் போன்ற வங்கி ஊழியர்களுக்கு மறக்காத செய்தி அது. அடுத்துப் பாதுகாப்பு அமைச்சர். 1983இல் அப்துல் கலாம் தலைமையிலான ஏவுகணைத் திட்டம் தொடங்கியது இவர் காலத்தில்தான்.

1984 ஆகஸ்ட் 31 அன்று குடியரசுத் துணைத் தலைவரானார். அந்தப் பதவியின் அன்றாட வேலை மாநிலங்களவையை நடத்துவது. மூன்றாண்டுக்குப் பின், 1987இல் குடியரசுத் தலைவரானார். ராஜீவ் காந்தி, வி.பி. சிங், சந்திரசேகர், நரசிம்ம ராவ் என நான்கு பிரதமர்கள் அவர் காலத்தில் இருந்தார்கள். 1989 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அதிக இடம் பெற்ற கட்சியை முதலில் அழைத்தார். ராஜீவ் மறுத்த பிறகே வி.பி. சிங்குக்கு வாய்ப்பு போனது.

1991இல் இரண்டு சம்பவங்கள். ஜனவரியில் கலைஞர் ஆட்சி கலைக்கப்பட்டது. ஆளுநர் பர்னாலா அறிக்கை தரவில்லை; ஆனாலும் வெங்கட்ராமன் கையெழுத்திட்டார். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் அது முறைதானா என்ற விமர்சனம் இன்றுவரை ஓயவில்லை. அதே ஆண்டு, எம்.பி.க்களின் சம்பளம், ஓய்வூதியம் பற்றிய மசோதா, குடியரசுத் தலைவரின் முன் பரிந்துரை பெறாமலே நிறைவேறி அவரிடம் வந்தது. அதற்கு அவர் ஒப்புதல் தரவில்லை.

ஒரு விதியை நிறைவேற்றுவது வேறு, அதன் நோக்கத்தைக் காப்பது வேறு. மசோதா விஷயத்தில் அவர் இரண்டையும் செய்தார். ஆட்சிக் கலைப்பில் செய்தாரா என்பதை அவரவர் முடிவுக்கே விடுகிறேன்.

1992 ஜூலையில் ஓய்வு பெற்றவர், 2009 ஜனவரி 27 அன்று தமது 98ஆம் வயதில் காலமானார்.