முறையீடும் செபமே



நம் சீமையில் கிணறு வற்றி மரவள்ளிக் காடு காய்ந்துபோனால், அல்லது கறவை மாடு நோயில் மாண்டுபோனால், வீடே அழுகிறது. ஆனால் கோவிலில் முழங்காலிட்டதும் ஒன்றும் நடவாததுபோல் மனப்பாட செபங்களைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். சர்வேசுரனிடம் மனக்குறையைச் சொல்வது பாவமென்று அஞ்சுகிறவர்கள் பலர். அவர்கள் அர்ச். தேவசகாயத்தின் சரித்திரத்தை அறிந்துகொள்வது நலம்.

இவர் 1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நட்டாலத்தில் பிறந்தார். பெயர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் உத்தியோகம். வசதியான குடும்பமே. ஆயினும் ஒரு காலத்தில் கால்நடைகள் மாண்டன, பயிர்கள் அழிந்தன. அவர் மனம் உடைந்துபோனார்.

1741-ல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்பு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்தவர் டிலனாய் என்ற தளபதி. கத்தோலிக்கராகிய அவர், நண்பரின் துயரமறிந்து யோபு என்ற நீதிமானின் சரித்திரத்தைச் சொன்னார். மக்களையும் மந்தைகளையும் உடல் நலத்தையும் இழந்த யோபு, தம் வேதனையை மூடி மறைக்கவில்லை. தாம் பிறந்த நாளையே சபித்தார். ஏன் இப்படி என்று சர்வேசுரனையே கேட்டார். ஆனால் அவரை விட்டு விலகவில்லை. முடிவில் சர்வேசுரன் கோபித்துக்கொண்டது யோபுவை அல்ல, அவருக்குப் புத்திமதி சொல்ல வந்த நண்பர்களையே.

நீலகண்டரின் உள்ளத்தில் விசுவாசம் பிறந்தது. 1745-ம் ஆண்டு மே 14-ந் தேதி வடக்கன்குளத்தில் சேசு சபைக் குருவான புத்தாரி சுவாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. தேவனே துணை என்பது அதன் பொருள்.

அதன்பின் கஷ்டம் நீங்கியதா? இல்லை, பெருகிற்று. 1749-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி கைதானார். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராய் இழுத்துச் சென்றார்கள். அடித்தார்கள். புண்களில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடியவர், அதைச் சர்வேசுரனிடமே முறையிட்டு, முழங்கையால் பாறையை இடிக்க, நீர் சுரந்தது என்பது பாரம்பரியம். வேதசாட்சிக்கும் தாகம் உண்டு. அதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை.

தாகம் தீர்ந்தது; விலங்கு கழலவில்லை. மூன்று வருஷம் பாடுபட்ட பின், 1752-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு அர்ச். சவேரியார் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டார். 2022-ம் ஆண்டு மே 15-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் இவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

கேட்டது கிடைத்தால்தான் நம்புவேன் என்பது வியாபாரம். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர் பாதத்தைவிட்டு அகலாதிருப்பதே நம்பிக்கை. ஒலிவத் தோட்டத்தில் நம் ஆண்டவரும் துன்பக் கிண்ணம் நீங்கவேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டார். பிறகு பிதாவின் சித்தத்துக்குத் தம்மைக் கையளித்தார்.

ஆகையால் இன்றிரவு ஜெபமாலை முடிந்ததும் விளக்கை அணைத்துவிட அவசரப்படாதீர்கள். கடன், நோய், பிள்ளைகளின் கவலை எதுவானாலும், தகப்பனிடம் பேசுவதுபோல் உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் சொல்லி அழுவதை அவரிடம் சொல்லி அழுங்கள். அர்ச். தேவசகாயம் நமக்காக வேண்டிக்கொள்வாராக.