கயிறு அறுந்தா என்ன ஆகும்? – எலிஷா ஓட்டிஸின் கதை

லிஃப்ட் வாசல்படியில் பொறித்திருக்கும் ‘ஓட்டிஸ்’ என்ற பெயரை நாம எத்தனையோ தடவை மிதிச்சிருப்போம். அது ஏதோ கம்பெனியோட சுருக்கெழுத்துன்னு நினைக்கிறவங்களும் உண்டு. இல்லை நண்பர்களே, அது ஒரு மனுஷனோட பேரு. எலிஷா கிரேவ்ஸ் ஓட்டிஸ். லிஃப்டைக் கண்டுபிடித்தவர் என்று பொதுஅறிவுப் புத்தகங்களில் போட்டிருப்பார்கள். அது சரியில்லை. சரக்கைத் தூக்கும் மேடைகள் அவருக்கு முன்பே தொழிற்சாலைகளில் இருந்தன. கயிறு அறுந்தாலும் கீழே விழாத மேடையைச் செய்தவர் தான் ஓட்டிஸ்.

1811 ஆகஸ்ட் 3-ம் தேதி அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. 19 வயசில் வீட்டை விட்டுக் கிளம்பி, நியூயார்க் மாநிலத்து ட்ராய் நகருக்குப் போய் சில வருஷம் வண்டி ஓட்டிப் பிழைத்தார். 1834-ல் கல்யாணம். கொஞ்ச நாளில் நிமோனியா வந்து சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினார். சேர்த்த காசைப் போட்டு மாவு அரைக்கும் ஆலை கட்டினார், ஓடவில்லை. அதையே மரம் அறுக்கும் ஆலையாக மாற்றினார், அதுவும் ஓடவில்லை. பிறகு வண்டி செய்து விற்றார். அந்த நேரத்தில் மனைவி சூசன் இறந்துபோனார். கையில் இரண்டு ஆண் பிள்ளைகள், ஒன்று கைக்குழந்தை.

நம்ம ஆட்கள் யாராவது இந்த இடத்தில் நின்றிருந்தா ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டு ஜோசியரிடம் ஓடியிருப்போம். ஓட்டிஸ் மறுமணம் செய்துகொண்டு, ஆல்பனி நகரில் ஒரு கட்டில் செய்யும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கட்டில் சட்டங்களைக் கடைய ஒரு இயந்திரம் செய்தார். கையால் செய்வதைவிட நாலு மடங்கு வேகம். முதலாளி சந்தோஷப்பட்டு 500 டாலர் போனஸ் கொடுத்தார். அதை வைத்துச் சொந்தப் பட்டறை போட்டார். பட்டறைக்கு சக்தி தந்தது பக்கத்தில் ஓடிய ஓடைத் தண்ணி. நகர நிர்வாகம் குடிநீருக்காக அந்த ஓடையையே திருப்பிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து!

1852-ல் அவருக்கு 40 வயசு. யோங்கர்ஸ் என்ற ஊரில் பழைய ஆலை ஒன்றைக் கட்டில் தொழிற்சாலையாக மாற்றும் பொறுப்பு அவரிடம் வந்தது. கனமான சாமான்களை மேல் மாடிக்கு ஏற்ற வேண்டும். அன்றைய மேடைகள் கயிறு அறுந்தால் அப்படியே விழும். மேலே நிற்கிற தொழிலாளி கதி அவ்வளவு தான். அதனால் கயிற்றை இன்னும் தடிமனாக்குவது, அடிக்கடி மாற்றுவது என்று தான் பலரும் யோசித்தார்கள். ஓட்டிஸ் கேள்வியையே மாற்றிக் கேட்டார். கயிறு என்றைக்காவது அறுந்தே தீரும், அறுந்த அந்த நிமிஷம் என்ன நடக்க வேண்டும்?

மெக்கானிக்கல் பசங்க இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமா படிங்க. குதிரை வண்டிக்கு அடியில் வளைந்த பட்டை ஸ்பிரிங் இருக்குமே, அதில் ஒன்றை எடுத்து மேடையின் மேல்பக்கம் வைத்தார். வண்டி செய்து விற்ற அனுபவம் வீண் போகலை பாருங்க. தூக்கும் கயிற்றை அந்த ஸ்பிரிங்கின் நடுவில் கட்டினார். மேடையின் கனம் கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கும்வரை ஸ்பிரிங் வில் மாதிரி வளைந்து நிற்கும், அதன் இரண்டு முனைகளும் உள்பக்கமாக ஒடுங்கி இருக்கும். இரண்டு பக்கத் தூண்களிலும் ரம்பப் பல் மாதிரி வெட்டு. கயிறு அறுந்தால் இழுவிசை போய்விடும், ஸ்பிரிங் நிமிரும், முனைகள் வெளியே நீண்டு பற்களில் மாட்டிக்கொள்ளும். மேடை நின்றுவிடும். யாரும் லீவரை இழுக்க வேண்டாம், யாரும் பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். எந்தக் கோளாறு ஆபத்தோ, அந்தக் கோளாறே பிரேக்கைப் போட்டுவிடுகிறது. நாம இன்று ஃபெயில்-சேஃப் என்று பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதுவது இதைத் தான்.

வேடிக்கை என்னவென்றால், அவர் அதைப் பெரிதாகவே நினைக்கவில்லை. காப்புரிமை கேட்கவில்லை, போனஸும் கேட்கவில்லை. கட்டில் வியாபாரம் படுத்த பிறகு தான் இதையே தொழிலாக்கினார். 1853-ல் இரண்டு சரக்கு லிஃப்ட் விற்றார், அதோடு சரி. ஆர்டர் வரவில்லை.

1854-ல் நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் ஒரு முடிவு எடுத்தார். படம் போட்டு விளக்கினால் யாரும் நம்பப் போவதில்லை. மேடையில் தானே ஏறி நின்று, கூட்டத்தின் தலைக்கு மேல் உயரத் தூக்கச் சொன்னார். பிறகு தன்னைத் தாங்கிய ஒரே கயிற்றை வெட்டச் சொன்னார். கயிறு துண்டாகியது. மேடை சில அங்குலம் சரிந்து, டக்கென்று நின்றது. கூட்டத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதன் பிறகு ஆர்டர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடின. 1857 மார்ச் 23-ல் நியூயார்க் பிராட்வேயில் ஹாவ்வுட் கடையின் ஐந்து மாடிக் கட்டடத்தில் ஆட்கள் ஏறும் லிஃப்டைப் பொருத்தினார். 1861 ஜனவரியில் நீராவி லிஃப்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதே வருஷம் ஏப்ரல் 8-ல் டிஃப்தீரியாவில் இறந்துபோனார். வயசு 49. பெரிய சொத்து எதுவும் விட்டுப்போகவில்லை. நாலு நாளில் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. மகன்கள் சார்ல்ஸும் நார்ட்டனும் தான் கம்பெனியை நிமிர்த்தினார்கள். 1889-ல் ஈஃபிள் கோபுரத்திலும் ஓட்டிஸ் லிஃப்ட் ஏறியது.

ஓட்டிஸ் கேட்ட அந்தக் கேள்வியை, மேலும் கீழும் போகிற எந்த மெஷினிடமும் கேட்கலாம். அமெரிக்காவில் சி.ஜி. ஜான்சன் என்பவர் 1921-ல் மேலே தூக்கும் கராஜ் கதவையும், 1926-ல் அதற்கு மோட்டாரையும் கொண்டுவந்தார். வீட்டுக்கு வீடு அது பரவியது. ஆனால் இறங்குகிற கதவுக்கு அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்த பிறகு தான் அங்கே சட்டம் விழித்தது. 1990-ல் சட்டம் போட்டார்கள். 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டு ஓப்பனர்களில், வழியில் எது சிக்கினாலும் கதவு திரும்ப மேலே போவதோடு, இன்னொரு தனிப் பாதுகாப்பும் கட்டாயம் ஆனது. பெரும்பாலும் அது இரண்டு பக்கமும் தரையிலிருந்து 6 அங்குலத்துக்குள் பொருத்தும் ஒளிக் கண்.

அந்தக் கண் வேலை செய்யும் விதம் ஓட்டிஸின் ஸ்பிரிங் தான், வயர் வடிவத்தில். ஒளி வந்துகொண்டே இருந்தால் தான் கதவு இறங்கும். குழந்தை குறுக்கே வந்தாலும் சரி, எலி வயரைக் கடித்தாலும் சரி, ஒளி வரவில்லை என்றால் பட்டனைத் தட்டினதும் கதவு தானாக இறங்காது. இப்படி இல்லாத பழைய மெஷினை எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் தொடக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

குதிரைத்திறன் எவ்வளவு, சத்தம் குறைவா, போனில் திறக்குமா என்பதெல்லாம் அப்புறம். உண்மையில் கதவின் கனத்தைத் தாங்குவது மோட்டார் இல்லை, ஸ்பிரிங். கதவு மூடியிருக்கும்போது சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கழற்றிவிட்டு, கையால் பாதி தூக்கி விட்டால் கதவு அங்கேயே நிற்க வேண்டும். பொத்தென்று விழுந்தால் கோளாறு ஸ்பிரிங்கில். புது மோட்டார் வாங்கிப் பிரயோஜனம் இல்லை. அந்த ஸ்பிரிங்கை நீங்களே முறுக்கப் போகாதீர்கள், கையை உடைத்துவிடும். அதற்கென்று ஆள் இருக்கிறார்கள். கரண்ட் போனாலும் திறக்க பேட்டரி வேண்டும். 2017 காட்டுத்தீயைப் பார்த்த கலிஃபோர்னியா, 2019 ஜூலை முதல் விற்கும் புது ஓப்பனர்களுக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டது.

எம்.எஸ். படிக்கப் போய் அங்கே வீடு எடுக்கப் போகிற சீனியர்கள் கவனத்துக்கு: ஒன்றரை அங்குல கனமுள்ள மரப்பலகையைக் கதவுக்கு நேர் கீழே படுக்க வையுங்கள். பட்டனைத் தட்டிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பலகையில் பட்டதும் இரண்டு விநாடிக்குள் கதவு மேலே திரும்ப வேண்டும். திரும்பவில்லையா? ஆள் வந்து சரிசெய்யும் வரை அந்த பட்டனை யாரும் தொட வேண்டாம்.