மனசு பாரமா இருக்கா? வேலூர் சிறையில் ராஜாஜி பிடிச்சுக்கிட்ட ஆறுதல் இதுதான்!

ஆம்பூர்ல ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடிஞ்சு வெளியே வந்ததும் உங்க கை தானா பாக்கெட்டுக்குப் போகுதா? அந்தக் காலத்து துரைமார்களுக்கு பைப். இன்னைக்கு நமக்கு சிகரெட், பீடி. கஷ்டத்துல ஒரு இழுப்பு ஆறுதலாத்தான் தோணும். ஆனா, அது நிகோட்டின் தர்ற ஆறுதல். கொஞ்ச நேரத்துல மறுபடியும் கேட்கும்.

உங்களுக்குப் பக்கத்துல, வேலூர் சிறையில, வேற ஒரு ஆறுதலைப் பிடிச்சுக்கிட்டவர் ராஜாஜி.

1878-ல் தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் நல்லா சம்பாதிச்ச வக்கீல். மனைவி இறந்துட்டாங்க, ஐந்து பிள்ளைகள். அந்த நிலையிலும் ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் தொழிலை விட்டார். 1921 டிசம்பரில் மூன்று மாத தண்டனை. அப்போ அவருக்கு வயசு 43. கூடவே ஆஸ்துமா தொல்லை வேற.

உள்ளே அவருக்குத் துணையா இருந்தவை புத்தகங்களும் ஒரு டைரியும்தான். உடம்பு படுத்துற பாடு, சிறை வாழ்க்கை, மனசுல ஓடுற கவலை எல்லாத்தையும் எழுதினார். 1922 ஜனவரி 24-ம் தேதி எழுதினதைப் படிச்சா அசந்துபோவீங்க. சுதந்திரம் வந்ததும் எல்லாம் சரியாகிடாது; தேர்தல் ஊழலும், அநீதியும், பணத்தின் பலமும் மக்களை வாட்டும்; நல்ல கல்விதான் நம்பிக்கைன்னு எழுதிவெச்சார். சுதந்திரத்துக்கு 25 வருஷம் முன்னாடி!

அடுத்த மாசமே பெரிய இடி. சௌரி சௌராவில் போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டதால, காந்தி இயக்கத்தையே நிறுத்திட்டார். எதுக்காக எல்லாத்தையும் விட்டுட்டு ஜெயிலுக்கு வந்தாரோ, அதுவே நின்னுபோச்சு. மார்ச்சில் ராஜாஜி வெளியே வந்தப்போ, காந்தி சிறைக்குள்ள.

நீங்களா இருந்தா உடைஞ்சு உட்கார்ந்திருப்பீங்களா? அவர் உட்காரலை. 1925-ல் திருச்செங்கோடு பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கஷ்டத்தை மறக்கக் குடிக்கிறவன் வீட்டுல கஷ்டம் கூடத்தான் செய்யும்ங்கிறது அவர் கட்சி. 1948-ல் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல். 1972 டிசம்பர் 25-ல் மறையும்போது வயசு 94.

அவர் எழுதினதால சிறைக்கதவு திறந்துடலை, ஆஸ்துமாவும் போயிடலை. ஆனா, அந்த மூணு மாசம் வீணாப்போகாம ஒரு புத்தகமா நமக்கு மிச்சமாச்சு. புகை எதை மிச்சம் வைக்கும்? சாம்பலும் இருமலும்தான்.

அடுத்த தடவை கை பாக்கெட்டுக்குப் போறப்போ, போனை எடுங்க. மனசுல இருக்குறதை நாலு வரி டைப் பண்ணிப் பாருங்க. யாருக்கும் அனுப்பவேண்டாம், ஸ்டேட்டஸும் வேண்டாம். நாளைக்கு நீங்களே படிச்சுப் பார்க்க, அது அங்கேயே இருக்கும்.