விண்வழி கண்ட வித்தகர் ஜே. ஆர். டி. டாட்டா

விமானியாதல் இன்றைய இளைஞர் பலர்தம் கனவு. அக்கனவுக்கு இந்திய மண்ணில் முதலில் உருக்கொடுத்தவருள் தலையாயவர் ஜே. ஆர். டி. டாட்டா. உரிமம் பெறுவது பயணத்தின் முடிவன்று, தொடக்கமே என்பதை அன்னாரின் வாழ்வு நமக்குக் காட்டுகின்றது.

1904 ஜூலை 29இல் பாரிசு நகரில் பிறந்தார். தந்தையார் பார்சி வணிகர். அன்னையார் பிரெஞ்சு நாட்டவர். ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதல் கடந்த பிளேரியோவின் கோடை இல்லம் இவர்தம் இல்லத்தருகே இருந்தது. அங்குக் கண்ட விமானங்களே பறக்கும் வேட்கையை விதைத்தன. பம்பாயில் பயின்று, 1929 பிப்ரவரி 10இல், இந்தியாவில் வழங்கப்பெற்ற முதல் விமானி உரிமத்தைப் பெற்றார்.

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனித்துப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுன் பரிசு அறிவித்திருந்தார். 1930இல் கராச்சியிலிருந்து புறப்பட்ட டாட்டா, எதிர்த்திசையில் வந்த போட்டியாளர் அஸ்பி எஞ்சினியரை எகிப்தில் கண்டார். பதினேழே வயதான அவ்விளைஞர், ஸ்பார்க் பிளக் இன்றித் தவித்து நின்றார். தம்மிடமிருந்ததை டாட்டா உவந்தளித்தார். பரிசு அஸ்பிக்குச் சென்றது. அவரே பின்னாளில் இந்திய விமானப் படையின் தலைவரானார். தோற்றவரும் தாழவில்லை, வென்றவரும் வீணாகவில்லை.

1932 அக்டோபர் 15இல் டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சற்பைகளுடன் தாமே விமானம் செலுத்தினார். அங்கிருந்து பெல்லாரி வழியாக நம் சென்னைக்கு அவற்றைக் கொணர்ந்தவர் அவர்தம் நண்பர் நெவில் வின்சென்ட். அரசின் மானியமின்றித் தொடங்கிய அச்சிறு பணியே 1946இல் ஏர் இந்தியாவாக வளர்ந்தது. 1948 ஜூனில் இலண்டனுக்கும் பறந்தது. 1953இல் நாட்டுடைமையான பின்னரும் 1978 வரை அதன் தலைவராயிருந்து, இருக்கையின் தூய்மை முதல் காலந்தவறாமை வரை அனைத்தையும் தாமே கண்காணித்தார். 1982இல், தம் 78ஆம் அகவையில், அம்முதற் பயணத்தை மீண்டும் தனித்து நிகழ்த்தினார். 1992இல் பாரத ரத்னா பெற்று, 1993இல் மறைந்தார். 2022இல் ஏர் இந்தியா டாட்டா குழுமத்திடமே மீண்டது.

ஒருவர் செலுத்திய விமானம் பல்லாயிரவர்க்கு வாழ்வளித்தது. விமானியர் மட்டுமோ? பராமரிப்புப் பொறியாளர், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், பணிப்பெண்டிர், நிலையப் பணியாளர் எனத் துறைகள் பல. நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 18 அகவை நிறைவும், உடற்றகுதியும், 200 மணிநேரப் பறப்பும் வேண்டும். பயிற்சிக்குப் பெரும்பொருள் வேண்டும் என்பதும் உண்மையே. எனினும் கணிதமும் இயற்பியலும் ஊன்றிக் கற்கும் மாணவச் செல்வங்களுக்கு இவற்றுள் ஏதேனும் ஒரு வாயில் திறந்தே இருக்கும். வாயில் கடந்தபின், வழியில் தவித்து நிற்பவர்க்கு உதவும் உள்ளமும் உடன்வரின், அதுவே உயர்வென்போம்.