ஊரில் தங்கிய வைத்தியர்

நியூயார்க்கில் மருத்துவக் கல்வியை முடித்த இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர், 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற்கு வந்து சேர்ந்தார். அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிரீன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரை அடுத்த பண்ணை ஒன்றில் 1822 அக்டோபர் 10ஆம் நாள் பிறந்தவர். நியூயார்க் பெருநகரை ஒன்றிணைத்த ஆண்ட்ரூ கிரீன் இவருடைய உடன்பிறந்தவர். சமயப் பணியின் ஒரு பகுதியாகவே சாமுவேல் கிரீன் மருத்துவம் செய்ய வந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை, அவரும் மறைத்ததில்லை. எனினும், அவர் விட்டுச் சென்றவற்றுள் காலத்தால் அழியாதது மருத்துவத் தமிழே.

முதலில் வட்டுக்கோட்டையிலும், பின்னர் மானிப்பாயிலும் தங்கி மருத்துவம் செய்தார். வாந்திபேதியும் அம்மையும் அடிக்கடி ஊர்களைச் சூறையாடிய காலம் அது. ஒரு மருத்துவர் இரவு பகலாக உழைத்தாலும் தம் வாயிலுக்கு வந்தவர்களை மட்டுமே காக்க முடியும். வர இயலாதவர்கள் தொலைவிலுள்ள சிற்றூர்களில் கிடந்தனர். ஊருக்கு ஒருவரேனும் நோயறிந்து மருந்து கொடுக்கத் தெரிந்தவர் இருந்தாலன்றி இந்நிலை மாறாது என்று கிரீன் கண்டார். வந்த மறு ஆண்டே உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார்.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. மாணவர்கள் நன்றாகவே தேறினர். ஆனால், தேறியவர்களுள் பலர் அரசுப் பணியை நாடி வெளியூர்களுக்குப் போயினர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, ஆங்கிலம் அறிந்தவருக்கு அன்று கிடைத்த ஊதியத்தைச் சிற்றூர்களால் கொடுத்திருக்க முடியாது. ஆயினும், எந்த ஊருக்காக அவர்கள் பயிற்றுவிக்கப்பட்டனரோ அந்த ஊர் பழையபடியே மருத்துவரின்றி நின்றது.

இதனை உணர்ந்த கிரீன் துணிந்து ஒரு முடிவெடுத்தார். தாயகம் சென்று, 1862இல் திருமணமானவராக மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபின், மருத்துவக் கல்வி முழுவதையும் தமிழிலேயே கற்பிக்கலானார். தமிழில் கற்றவர் தம் மக்களிடையே தங்குவர். நோயாளியின் மொழியிலேயே நோயைப் பற்றிப் பேசுவர் என்பது அவர் கணிப்பு. தம் மாணவர் மேலைநாட்டு நடையுடைகளைப் பின்பற்றுவதையும் அவர் விரும்பவில்லை. ஆங்கிலமே பிழைப்புக்கு வழி என்று எண்ணியவர்களுக்கு இம்மாற்றம் உவப்பாக இல்லை. கிரீன் பின்வாங்கவில்லை.

கற்பிக்க நூல்கள் வேண்டுமே! இத்தேவையை அவர் முன்னரே உணர்ந்து, கட்டர் என்பாரின் உடலியல் நூலை 1850களிலேயே தமிழாக்கியிருந்தார். மகப்பேறு பற்றிய நூல் ‘மருத்துவ வைத்தியம்’ என்னும் பெயரில் வந்தது. மகப்பேறு பார்க்கும் பெண்ணை மருத்துவிச்சி என்றழைக்கும் வழக்கை எண்ணினால் இப்பெயரின் பொருத்தம் விளங்கும். அறுவை மருத்துவ நூலுக்கு ‘இரண வைத்தியம்’ என்று பெயரிட்டார். கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. அடிமுதல் முடிவரை பாடும் பாதாதிகேசம் என்னும் சிற்றிலக்கிய வகையை அறிந்த காதுக்கு இச்சொல் அந்நியமாக ஒலிக்காது. சில நூல்களை மாணவர்களே மொழிபெயர்க்க, கிரீன் அவற்றைத் திருத்திச் செப்பனிட்டார்.

கலைச்சொல் ஆக்கத்தில் அவர் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டார். தமிழில் பொருத்தமான சொல் இருப்பின் அதையே எடுத்தார்; இல்லையெனில் வடமொழியை நாடினார்; அங்கும் கிட்டாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதினார். வேதியியல் நூலின் தலைப்பாகிய ‘கெமிஸ்தம்’ இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது. இன்று நோக்க, வடசொற்கள் மிகுந்திருப்பது குறையாகத் தோன்றலாம். ஆயின், நவீன மருத்துவத்திற்குத் தமிழில் பாடநூலே இல்லாத காலத்தில் இவை எழுந்தன என்பதை மறத்தலாகாது.

அவரிடம் ஆங்கிலத்திலும் தமிழிலும் பயின்று வெளிவந்தோர் அறுபதின்மருக்கும் மேற்பட்டவர். 1866இல் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி கடுமையாகப் பரவியபோது அம்மருத்துவர்களின் பணி பெரிதும் உதவிற்று. பெருமருத்துவமனையில் கட்டியை அறுத்தகற்றும் வல்லுநரைவிட, வேளைக்கு மருந்தூட்டி, குடிநீரின் தூய்மையை எடுத்துச் சொல்ல அண்டை வீட்டவர் ஒருவர் இருப்பது அத்தகைய நாள்களில் மிகுதியான உயிர்களைக் காக்கும்.

1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி தொடங்கப்பெற்றது; அங்குப் பாடமொழி ஆங்கிலம். தமிழ்வழி மருத்துவக் கல்வி அதன்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை.

உடல்நலம் குன்றிய கிரீன் 1873இல் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியை விடவில்லை. உடலியங்கியல் பற்றிய ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே 28ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே பொறிக்கப்பட்டது.